மிச்சச் சோறும் ரெண்டு டிரம்மும்

எனக்கு வயது எழுபத்தி மூன்று. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூடுதல் ரெண்டும் கொழுந்தனார் பிள்ளைகள். அவரும் அவர் சம்சாரமும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்தவை. ஆறும் இன்றைக்கு நல்லபடியாக இருக்கின்றன. தேயிலை பறித்த கையால் ஆளாக்கினேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன். தப்பை மட்டும் படித்துவிட்டு என்னை எடை போட்டுவிடாதீங்க.

படிப்பு எனக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும்தான். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் பிடிக்கிறது. பிடிக்கட்டும், எனக்கு என்ன அவசரம்.

என் மூன்றாவது பெண் செல்வி கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு யுனிவர்சிட்டியில் துப்புரவுப் பெண்களுக்குத் தலைவி. பதினாலு பேர் அவள் சொல் கேட்டு வேலை செய்கிறார்கள். ஈரத்தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. மாப்பிள்ளை லாரியில் வடக்கே போயிருந்தார். போன் செய்தாள்.

"அம்மா, பத்து நாளைக்கு வந்து சோறாக்கிப் போடறயா? நிவேதாவுக்குத் தலை பின்னக்கூட எனக்குக் கையில்ல."

வால்பாறையிலிருந்து கீழே இறங்கி எனக்கு நாலு வருசம் ஆயிருந்தது. பேத்தி தலை பின்னாமல் நிற்பதா என்று கிளம்பிப்போட்டேன்.

மலை ரோட்டின் நாற்பது வளைவும் எனக்குப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டவுன்காரருக்குத்தான் பழக்கமில்லை. பதினேழாவது வளைவில் அவர் எடுத்த வாந்தியில் என் நல்ல சேலை போச்சு. மனுசன் கும்பிட்டுக்கொண்டே வந்தார். "சேலை தொவைச்சாப் போயிருமுங்க, நீங்க முதல்ல ஜன்னலோரம் வாங்க" என்று இடம் மாறி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஆழியார் வரைக்கும் அவர் பேரப்பிள்ளைகள் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வாந்தி எடுத்தவரிடம் கோபித்துக்கொள்ள முடியுமா?

பொள்ளாச்சியில் ஒரு பன்னும் டீயும். அதை டீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் மழையில் அட்டைக்கடி பட்டுப் பறித்த கொழுந்தை இவர்கள் இந்தப் பாடு படுத்துகிறார்களே என்றிருந்தது. கடைக்காரரிடம் சொல்லியும் விட்டேன். "நாளைக்கு நீங்களே வந்து போடுங்க பாட்டி" என்றார்.

யுனிவர்சிட்டி வாசலில் இறங்கினால், அது ஒரு ஊரு. எங்கள் எஸ்டேட்டின் மூன்று டிவிஷனைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மலையில் இல்லாத வெயில், ஆனால் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று சும்மா அள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே பெட்ரோல் வண்டிகளை விடுவதில்லையாம். பேட்டரி வண்டியில் ஏறச் சொன்னார்கள். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. நல்ல வண்டிதான் என்று நினைத்து முடிப்பதற்குள் ஒரு ஏற்றத்தில் நின்றுவிட்டது.

எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வடக்கத்திப் பையன்கள் ரெண்டு பேர், கைத்தறிச் சேலை கட்டிய ஒரு அம்மணி, நான். அந்த அம்மணி தள்ளியது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏனம்மணி, காலைல சாப்புடலையா? இப்படிப் பூப்போலத் தொட்டா வண்டி போகுமா? இடுப்பக் குடுத்துத் தள்ளுங்க."

"சாப்பிட்டேனுங்கம்மா. நாளைக்கு ரெண்டு இட்லி சேத்துத் திங்கறேன்" என்று சிரித்தார்.

பையன்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று டிரைவரைக் கேட்டேன். "இந்தம்மாவ முன்னால கட்டிவிட்டாப் பேட்டரியே வேண்டாம்னு சொல்றாங்க" என்றார். அப்புறம் அந்த அம்மணியைப் பார்த்து, "மேடம், பழைய பேட்டரிய மாத்தச் சொல்லி நானும் சொல்லிகிட்டே இருக்கறனுங்க" என்றார். அந்த அம்மணி புரொபசர். பேர் கலைவாணி. யுனிவர்சிட்டியில் குப்பை, தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் வீணாக்காமல் பார்க்கும் பசுமைக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் தள்ளியது சரியில்லை.

செல்வி வீடு வேலைக்காரர் குடியிருப்பில் கடைசி. ரெண்டு ரூம், முன்னால் ஒரு முருங்கை. வந்ததும் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீர் குடித்தேன். எங்கள் மலைத் தண்ணீருக்கு அடுத்தபடி அதைச் சொல்லலாம். செல்வி மெலிந்துபோயிருந்தாள். கைக்கட்டைத் தொட்டில் போலக் கழுத்தில் தொங்கவிட்டு நின்றாள். கை வலியைவிட வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை கொள்ளுப் பருப்பு கடையும்போது கேட்டேன்.

"சோத்துக் கவலைம்மா" என்றாள்.

"சோத்துக்கு என்ன கொறை?"

"கொறையில்ல. மிச்சந்தான் கவலை."

அவள் சொன்னது இது. முன்பெல்லாம் யுனிவர்சிட்டிக் குப்பை எல்லாம் லாரியில் ஏறிப் பக்கத்து ஊர்ப் பள்ளத்தில் கொட்டப்பட்டது. அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய் நாற ஆரம்பித்தது. சின்னச்சாமி என்று சொந்த நிலம் வைத்திருக்கிற தோட்டத்துக்காரர் ஒரு நாள் நடுரோட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். லாரி திரும்பிப் போயிற்று. ஆபீஸ் போலீசைக் கூப்பிடலாம் என்றபோது கலைவாணி டீச்சர், "அவரையும் கூப்பிட்டு உக்கார வைப்போம்" என்றிருக்கிறார். அப்படித்தான் குழு உண்டாயிற்று. டீச்சர்கள், ஆஸ்டல் பிள்ளைகள், மெஸ் சமையல்காரர்கள், துப்புரவுப் பெண்கள், பக்கத்து ஊர்க்காரர், ஆபீஸ் ஆள். முதல் கூட்டத்தில் செல்வியும் அவள் பெண்களும் சுவரோரம் நின்றார்களாம். டீச்சரும் எழுந்து நின்றுகொண்டார். இவர்கள் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. கால் வலித்துப்போய் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் பிரித்தாயிற்று. மெஸ் மிச்சத்தை எருவாக்கத் தொட்டிகள் கட்டியாயிற்று. எருவைச் சின்னச்சாமி தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வார். ஒரே ஒரு சங்கடம். அந்தத் தொட்டிகள் ஒரு நாளைக்கு ரெண்டு டிரம் மிச்சத்தைத்தான் தாங்கும். அதற்கு மேல் போட்டால் புளித்து நாறிவிடும்.

"ஒரு மாசம் பாக்கறாங்க. மூணு நாள் ரெண்டு டிரம்முக்கு மேல போச்சுன்னா, வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துருவாங்க. லாரியும் அவங்களுது, ஆளும் அவங்களுது. நானும் பதினாலு பேரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆஸ்டல் விழா அன்னைக்கு ஒருக்கா மேல போயிருச்சு. இன்னும் ஒம்பது நாள் இருக்குது."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் மிச்சத்தை வெளியே போட்டால் காட்டுப்பன்றி வரும், சில சமயம் கரடியே வரும். அதனால் மிச்சம் வைக்காமல் ஆக்கிப் பழகினவர்கள் நாங்கள். இங்கே கரடி இல்லாததால் தட்டில் பாதியை விடுகிறார்கள் போல என்று நினைத்தேன். "படிக்கற புள்ளைங்களுக்குச் சோத்தோட அருமை தெரீல" என்று சொல்லிவைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொன்னது நான்தான்.

மூன்றாம் நாள் மெஸ்ஸின் தலைமைச் சமையல்காரர் ஆறுமுகம் வீட்டுக்கே வந்தார். பரிமாறுகிற பெண் ஒருத்தி கல்யாணத்துக்குப் போய்விட்டாளாம்.

"ஏனுங்கம்மா, ரெண்டு நாளைக்குக் கை குடுக்கறீங்களா? ஊட்டுல சும்மாதான இருக்கறீங்க?"

சும்மா இருக்கிறேன் என்று சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே நடந்தேன்.

அன்றைக்கு அரிசிம்பருப்பு சாதம். கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்த வாசனை போதும். துவரம்பருப்பும் அரிசியும் சேர்ந்து வெந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்து, மேலே ஒரு சொட்டு நெய். பிள்ளைகள் தட்டோடு வரிசையாக வந்தார்கள். கரண்டி என் கையில்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது கருமத்தம்பட்டிப் பக்கம். எஸ்டேட்டுக்கு மலையேறுகிற வரைக்கும் எங்கம்மாவும் அப்பனும் அங்கே ஒரு தோட்டத்துக்காரர் நிலத்தில் கூலி. தோட்டத்து வீட்டில் கல்யாணம் என்றால் எங்களுக்குப் பந்தி கிடையாது. எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் கொல்லைப்புறம் போசிப் பாத்திரத்தை நீட்டி நிற்போம். அந்தப் போசியில் சாய்கிற கரண்டி நிறைந்திருக்கிறதா, அரையாக இருக்கிறதா என்று பார்த்தே வளர்ந்தேன். என் கைக்குக் கரண்டி வந்தால் ஒருத்தருக்கும் அரைக் கரண்டி விழக்கூடாது என்று சின்ன வயதிலேயே மனதில் வைத்துக்கொண்டேன். அப்படியே பரிமாறினேன்.

"போதுமுங்க பாட்டி" என்றார்கள்.

"என்ன போதும், இந்த வயசுல கல்லைத் தின்னாலும் செரிக்கும். சும்மா சாப்புடு சாமி."

"பாட்டி, நெசமாலும் போதுமுங்க."

"எலும்புந்தோலுமா இருந்துகிட்டு என்ன போதும்? இந்தா, இன்னொரு கரண்டி."

சிரித்துக்கொண்டு வாங்கிப் போனார்கள். பக்கத்தில் பொரியல் வைத்தவளும் அப்பளம் வைத்தவளும் என்னைப் பார்த்துவிட்டு அவர்களும் தாராளமாகக் கையை விட்டார்கள். மத்தியானமும் அப்படி, ராத்திரிக்குக் கிச்சடியும் அப்படி. ஆறுமுகம் ரெண்டாவது அண்டா ஏற்றினார். எனக்குத் தோள் வலித்தது, மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போன செல்வி அரைமணியில் திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நேத்து நாலு டிரம்மும்மா."

வேறு ஆஸ்டல் குப்பையை இவள் பெண்கள் கலந்துவிட்டார்கள் என்று ஆபீஸ் சூப்பிரண்டு சத்தம் போட்டிருக்கிறார். சாயங்காலம் கூட்டம். இன்னும் ஒரு தடவை மேலே போனால் அவ்வளவுதான்.

"நாலு டிரம்மா? அத்தனையும் வேணும் வேணும்னு வாங்குனாங்களே!" எனக்கு வயிறு எரிந்தது. சோற்றைக் கொட்டுகிறவளைக் கையும் களவுமாகப் பிடித்துச் சந்தி சிரிக்க வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். காலைப் பலகாரத்துக்கு உப்புமா. அதையும் முந்தின நாள் மாதிரியே வாரி வைத்துவிட்டு, கரண்டியைப் பக்கத்தவளிடம் கொடுத்துவிட்டு, கை கழுவுகிற இடத்தில் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

முதலில் வந்தது ஒரு உயரமான பெண். கோபிக்காரப் பிள்ளை, பேர் பவித்ரா. பரிமாறும்போது என்னிடம் ஊர் பேரெல்லாம் சொல்லியிருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுப் பாதித் தட்டு உப்புமாவை டிரம்மில் வழித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, உங்கப்பன் வெள்ளாமை செய்யறவருதான? சோத்தைக் கொட்ட மனசு வருதா உனக்கு?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நானா கேட்டனுங்க பாட்டி? மூணுவாட்டி போதும்னு சொன்னேன். நீங்க வெச்சுகிட்டே இருந்தீங்க. உங்க மொகத்தப் பாத்துட்டு எப்புடிங்க தட்டை இழுத்துக்கறது? பெரியவங்க வெக்கறப்ப இழுத்தா அம்மா திட்டும். நீங்க பாத்தா சங்கடப்படுவீங்கன்னுதான் இந்தப் பக்கமா வந்தேன். எல்லாருமே அப்படித்தானுங்க."

எல்லாருமா? நின்று பார்த்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் நான் பரிமாறுகிற பக்கம் திரும்பி, நான் பார்க்கிறேனா என்று பார்த்தார்கள். அப்புறம் கொட்டினார்கள். எனக்கு மரியாதை செய்து என் சோற்றைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் தூணுக்குப் பின்னால்தான் இருந்தேன். கடைசித் தட்டு போகிற வரைக்கும் அங்கேயே ஒளிந்திருந்தேன்.

அன்று மத்தியானம் உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கரண்டியைத் தொடவில்லை. அதனால்தான் அன்றைக்கு டிரம் ரெண்டோடு நின்றது. செல்விக்குச் சோறு பிசைந்து தட்டில் வைத்தேன். இடது கையில் கரண்டியால் அவள் அள்ளிச் சாப்பிட்டாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "ரசம் வேணுமா?" என்றுதான் கேட்டேன்.

சாயங்காலக் கூட்டத்துக்கு அவளுக்குத் துணையாகப் போய்க் கதவோரம் உட்கார்ந்தேன். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். சூப்பிரண்டுதான் ஆரம்பித்தார்.

"ஒடஞ்ச கையோட இந்தம்மாவால மேற்பார்வை பாக்க முடியலைங்க மேடம். தலைவி பொறுப்ப வேற ஆளுக்குக் குடுத்துருங்க. இல்லீன்னா இப்பவே கம்பெனிக்கு எழுதிரலாம். எதுக்கு இன்னும் அஞ்சாறு நாள்?"

செல்வி எழுந்தாள். "சார், என் ஆளுங்க எதையும் கலக்கலைங்க. டிரம்முல இருந்தது பூராம் மெஸ் சோறுதானுங்க."

"ஒரே நாள்ல ரெண்டு டிரம் எங்கிருந்து அதிகமாச்சு? ஆகாசத்துல இருந்து விழுந்துதா?"

செல்வி டீச்சரைப் பார்த்தாள். பவித்ரா எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிள்ளை சொல்லப் போவதில்லை. நானும் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த ஒரு நிமிசம் நான் சும்மாதான் இருந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் எழுந்தேன்.

"நானுங்க. நான்தான் வாரி வாரி வெச்சேன். வேண்டாம்னாங்க, நான் கேக்கல. செல்வி மேல தப்பில்லைங்க."

எழுபத்தி மூன்று வருசத்தில் நாலு பேருக்கு முன்னால் என் மேல் தப்பு என்று சொன்னது அன்றைக்குத்தான். எஸ்டேட் கங்காணியிடம்கூடச் சொன்னதில்லை.

சூப்பிரண்டு நம்பவில்லை. "ஒரு ஆளு கரண்டியில ரெண்டு டிரம்மா?"

"ஆகுமுங்க சார்" என்றார் ஆறுமுகம். "அம்மாவப் பாத்து எங்க பொண்ணுகளுக்கும் ரோசம் வந்துருச்சு. யாரு கை பெருசுன்னு ஒரு போட்டியே நடந்துது. சோறு பத்தலைன்னு நான் மடையனாட்ட ரெண்டாவது அண்டா வெச்சேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சூப்பிரண்டுகூடக் கொஞ்சம். செல்வி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

இனி ஆளுக்கு ஒரே கரண்டி என்று சட்டம் போடலாம் என்றார் சூப்பிரண்டு. ஆறுமுகம் ஒத்துக்கொள்ளவில்லை. "கிரவுண்டுல ஓடிட்டு வர்ற பையன் ஒரு கரண்டியில எந்திரிப்பானுங்களா?" அப்போதுதான் பவித்ரா வாயைத் திறந்தாள். வரிசை ரொம்ப நீளம், ரெண்டாவது தடவை வந்து நின்றால் கிளாசுக்கு நேரமாகிவிடும், அதனால் பசிக்குமோ என்ற பயத்தில் பிள்ளைகளே முதலிலேயே அதிகமாக வாங்குவதும் உண்டு என்றாள். பாட்டி மேல் மட்டும் போட வேண்டாம் என்றாள்.

சின்னச்சாமி அதுவரை மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். ரோட்டில் கட்டில் போட்டவர் இவர்தான். "இதுல என்னங்க யோசனை? கண்ணாலத்துல எப்புடிப் போடறோம்? எலைக்கு நாமதான போறோம், எல எந்திரிச்சு நம்மகிட்ட வருதா? மொதல்ல கொஞ்சமா வெச்சு அனுப்புங்க. அப்பறம் பக்கெட்டத் தூக்கிட்டு மேசை மேசையாப் போய்க் கேளுங்க."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்களுக்கு எலை போட்டதில்லைங்க. கொல்லைல போசிதான்."

சின்னச்சாமி மீசையிலிருந்து கையை எடுத்தார். அவர் என்னைப் பார்த்தார். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமிருக்காது. எந்தக் கொல்லை, என்ன போசி என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அது தப்புதானுங்கம்மா" என்றார் மெதுவாக. அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ரூமில் தப்பு என்று சொன்னவர்கள் ரெண்டு பேர்.

யார் பக்கெட் தூக்குவது என்று கேள்வி வந்தது. பரிமாறும் பெண்கள் நாலே பேர். பவித்ரா போனில் ஏதோ தட்டினாள். கூட்டம் முடிவதற்குள் பதினோரு பிள்ளைகள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். "போதும்" என்று ஒரு தடவை சொன்னால் அது போதும்தான் என்று டீச்சர் எழுதி மெஸ் சுவரில் ஒட்டினார். ஒட்டும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் புரிந்தது.

முதல் நாள் ஒரே கூத்து. ரசப் பக்கெட் தரையில் கவிழ்ந்தது. இந்திக்காரப் பையன் ஒருத்தன் பாயசத்தில் சாம்பார் ஊற்றினான். பாயசத்தைப் பறிகொடுத்தவன் மலையாளத்தில் என்னவோ கத்தினான். "எங்க ஊருல இதுக்குப் போலீஸ் கேஸ் ஆயிரும்" என்கிறான் என்று பவித்ரா சொன்னாள். ஆனாலும் சாயங்காலம் பார்த்தால் ரெண்டு டிரம்முக்கு நாலு விரல் கீழேதான் இருந்தது. மறுநாள் இன்னும் குறைந்தது. எனக்குத்தான் கரண்டியைப் பாதியில் நிறுத்துவது மலையேறுகிற மாதிரி இருந்தது.

"பாட்டி, கை நீளுதுங்க" என்பாள் பவித்ரா.

"உன் வாய் நீளறதவிடக் கம்மிதான், போடி."

எட்டாம் நாள்தான் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. ரெண்டு டிப்பார்ட்மெண்டுப் பிள்ளைகள் ஃபாக்டரி பார்க்கப் போய்விட்டார்கள். மெஸ்ஸுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆறுமுகம் வழக்கம்போல வடித்துவிட்டார். ஒரு அண்டா வெள்ளைச் சோறு தொடாமல் நின்றது. டிரம்மில் போட்டால் கதை முடிந்தது. ஆறுமுகம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செல்வி ஒற்றைக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்குண்ணா இப்படி உக்காந்துட்டீங்க? சூடு ஆறுனதும் தண்ணி ஊத்தி வைங்க. காலைல மோரும் சின்ன வெங்காயமும் போட்டுப் பழைய சோறு. இட்லிக்கு ஆட்டாதீங்க."

"புள்ளைங்க தின்னுமா அம்மணி?"

"கேட்டாத்தான தெரியும்."

பவித்ரா போனிலேயே கேட்டாள். மறுநாள் காலை மோர் மிளகாய் வறுத்த வாசனைக்கு வரிசை வெளியே மாமரம் வரைக்கும் நின்றது. வடக்கத்திப் பையன்கள் முதலில் மோந்து பார்த்தார்கள். அப்புறம் ரெண்டாம் தடவை கேட்டார்கள். அண்டா காலி. அன்றிலிருந்து வெளியே போகிற டிப்பார்ட்மெண்டு முந்தின நாளே மெஸ்ஸுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடானது. ஒரு போன்தான். இத்தனை நாள் அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கடைசி நாளும் வந்தது. அன்றைக்கு மத்தியானம் செல்வியின் பதினாலு பேரும் மெஸ் ஹாலுக்குள் மேசையில் உட்கார வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எப்போதும் அவர்கள் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் சாப்பிடுவார்கள். நானும் உட்கார்ந்தேன். சின்னச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, சாதப் பக்கெட்டைத் தூக்கி எங்கள் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா?"

எனக்கு வயிறு நிறைந்து வெகுநேரம் ஆயிருந்தது. போதும் என்று சொல்லியிருக்கலாம். சுவரில் எழுதியும் ஒட்டியிருக்கிறது. ஆனால் என் தட்டுக்கு முன்னால் ஒரு தோட்டத்துக்காரர் பக்கெட்டோடு குனிந்து நின்றதில்லை. போதும் என்று வாய் வரவில்லை. "வெய்யுங்க" என்றேன். ஒரு கரண்டி வைத்தார். மலையாக இருந்தது. அதைச் சாப்பிட்டு முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதிர் மேசையில் பவித்ரா தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நான் ஒரு பருக்கை விடவில்லை.

சாயங்காலம் சூப்பிரண்டு குச்சியோடு வந்தார். முதல் டிரம் நிறைந்திருந்தது. ரெண்டாவதில் குச்சியை விட்டு எடுத்தார், மறுபடி விட்டு எடுத்தார். பாதிக்குக் கீழே. பதினாலு பெண்களும் நானும் சுற்றி நின்றோம். குச்சியைத் துடைத்துவிட்டு, "சரி, கம்பெனி வேண்டாம்னு எழுதிடறேன். ஆறு மாசம் போகட்டும், மறுபடி பாக்கலாம்" என்றார். நிரந்தரம் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் ஆறு மாசம் ஆறு மாசம்தானே. அப்புறம் செல்வியிடம் நோட்டை நீட்டினார். "தலைவி கையெழுத்துப் போடுங்கம்மா." இடது கையால் கோணல்மாணலாகப் போட்டாள். போட்டுவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

பத்து நாளைக்கு வந்தவள் நான். கைக்கட்டு அவிழ்க்கிற வரைக்கும் இரு என்று செல்வி சொன்னாள், இருந்துவிட்டேன். குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும், புஸ்தகமாகப் போடுகிறோம் என்றார் டீச்சர். என்னையும் எழுதச் சொன்னார். எனக்கு எழுத வராதுங்க என்றேன். "வர்ற மாதிரி எழுதுங்க" என்றார். தினம் மத்தியானம் ஒரு பக்கம். இன்றைக்கு முடிந்தது. நாளைக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள், நாளைக்கு மறுநாள் நான் மலை ஏறுகிறேன்.

கூட்டத்துக்குப் பிறகு செல்வி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா என்றால் கோபம் இல்லை. நானும் அவளிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. சூப்பிரண்டிடம் சொன்னேன், புரொபசரிடம் சொன்னேன், தோட்டத்துக்காரர் முன்னால் சொன்னேன். நாலு டிரம் என்று முகம் வெளுத்து வந்து நின்றாளே, அவளிடம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நிவேதா, இங்கே வா சாமி. பென்சிலை வைத்துவிட்டு இந்த நோட்டை எடு. நான் எழுதினது சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் இருந்து படித்துக் காட்டு. உள்ளுக்குள்ளே படிக்கக் கூடாது, சத்தமாகப் படி. உங்கம்மா அடுப்படியில் நிற்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும். கூட்டத்தில் நான் எழுந்து நின்ற இடம் வரும்போது மட்டும் அவசரப்படாதே கண்ணு. அதை ரெண்டு தடவை படி.